நிறுத்து விற்கும் சைவ உணவு



நம் நாட்டு நகரங்களில் சீனர்கள் நடத்தும் சைவ உணவுக் கடைகளை நீங்கள் பார்த்திருப்பீர்கள். நீண்ட மேசையில் வரிசையாகத் தட்டங்கள் இருக்கும். கீரை வகை, காய்கறி வகை, தவ்வு வகை, காளான் வகை என்று இருபது முப்பது கறிகள் ஆவி பறக்க நிற்கும். சீன மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும், ஒன்பதாம் மாதத்தில் வரும் ஒன்பது பேரரசர் விழாவின்போதும் அங்கே கூட்டம் நிரம்பி வழியும். வெள்ளிக்கிழமை விரதக்காரர்கள், புரட்டாசி மாதத்தில் சைவம் உண்பவர்கள், தைப்பூச நோன்பு இருப்பவர்கள் என நம்மவர்களும் இப்போது அங்கே நிறையவே செல்கிறார்கள்.

இக்கடைகளில் தட்டை எடுத்துக்கொண்டு, வேண்டியதை நாமே அள்ளிக்கொள்ளலாம். சில இடங்களில் கடைக்காரர் தட்டைக் கண்ணால் பார்த்தே விலை சொல்லிவிடுவார். வேறு சில இடங்களில் தட்டைத் தராசில் வைத்து, 100 கிராமுக்கு இவ்வளவு என்று கணக்கிடுவார்கள். இந்த இரண்டாம் வகைக் கடையில், செலவும் கட்டுப்பட்டு உடலுக்கும் நன்மை தரும்படி உண்பது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

முதலில் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்லிவிடுகிறோம். ஒரு வெள்ளிக்கிழமை, எங்கள் தாயாரை இரத்தப் பரிசோதனைக்காக நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றிருந்தோம். தாயார் முப்பது ஆண்டுகளுக்கு மேல் பால் மரம் சீவியவர். இப்போது அவருக்கு நீரிழிவு நோய் இருக்கிறது. காலையில் வெறும் வயிற்றோடு இரத்தம் கொடுத்தவருக்கு நல்ல பசி. அருகில் இருந்த சைவக் கடைக்குள் நுழைந்தோம். 100 கிராம் 3 வெள்ளி என்று எழுதியிருந்தது. மலிவுதான் என்று எண்ணி, இருவரும் தட்டை நிரப்பிக்கொண்டோம்.

தராசில் வைத்தபோதுதான் விழித்துக்கொண்டோம். ஒவ்வொரு தட்டும் 450 கிராம். ஒன்றுக்கு 13 வெள்ளி 50 காசு. இரண்டுக்கும் 27 வெள்ளி. கையில் இருந்ததோ 25 வெள்ளி. ரொக்கம் மட்டுமே வாங்கும் கடை அது. எடுத்த உணவைத் திருப்பிக் கொட்டவும் முடியாது. பின்னால் ஆட்கள் நிற்கிறார்கள். தாயார் மெல்ல, “எனக்குப் பசியில்லப்பா. நீ சாப்பிடு, நான் தண்ணி குடிச்சிக்கிறேன்” என்றார். பையின் அடியில் கிடந்த சில்லறையைத் தேடிப் பொறுக்கிக் கொடுத்து ஒருவாறு சமாளித்தோம். உண்ட உணவு அன்று நெஞ்சில் இறங்கவில்லை.

கடைக்காரர் நம்மை ஏமாற்றினாரா? இல்லை. விலையை எழுதி வைத்திருந்தார். தட்டின் எடையையும் கழித்தார். தவறு நம்மிடம்தான். எதை நிறுத்து வாங்குகிறோம் என்று நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும், அன்று எடுத்த அளவை நினைவில் வைத்துச் சமையல் தராசில் ஒவ்வொன்றாக நிறுத்துப் பார்த்தோம். சோறு மட்டும் 200 கிராம் வந்தது. அதாவது வெறும் சோற்றுக்கு 6 வெள்ளி கொடுத்திருக்கிறோம்! குழம்போடு எடுத்த பொரித்த தவ்வு 120 கிராம். அதில் பாதி குழம்புதான். பொரித்த போலி இறைச்சி 70 கிராம். உடலுக்கு நன்மை தரும் கீரையும் காயும் 60 கிராமே. கனக்கிறதே என்று பயந்து கீரையைக் குறைத்துக்கொண்டோம். சோறும் குழம்பும் கனப்பதை மறந்துவிட்டோம்.

இதைத் தாயாரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். “பால நிறுக்கறப்போ கிராணி எடைய மட்டுமா எழுதிக்குவாரு? தண்ணி எவ்வளவு, ரப்பர் எவ்வளவுன்னு பாத்துத்தானே கணக்குப் போடுவாரு?” என்றார்.

நேயர்களே, தோட்டத்தில் வளர்ந்த அனைவரும் அறிந்த உண்மை இது. வாளியில் வரும் பாலில் நூற்றுக்கு முப்பது முதல் நாற்பது பங்குதான் ரப்பர். மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். ஆகவே எடையோடு, அதில் உலர்ந்த ரப்பர் எவ்வளவு என்றும் பார்க்கிறார்கள். சைவக் கடைத் தட்டையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். தராசு எடையைச் சொல்லும். அந்த எடையில் நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, புரதம் எவ்வளவு என்று அது சொல்லாது. அதை நாம்தான் அறிந்திருக்க வேண்டும்.

முதலாவது, சோறு. சமைத்த சோறு மலிவான பொருள்; ஆனால் கனமானது. அதைக் கறியின் விலைக்கு நிறுத்து வாங்குவது நட்டம். பல கடைகளில் சோற்றைக் கிண்ணக் கணக்கில் தனியாகத் தருவார்கள். தட்டை எடுக்கும் முன்பே, “நாசி கிரா மாச்சாம் மானா?” என்று கேட்டுவிடுங்கள். தனிக் கணக்கு என்றால் சிறு கிண்ணம் வாங்கிக்கொள்ளலாம். ஒரே தராசுதான் என்றால் சோற்றை இரண்டு கரண்டியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்கு அதுவே நல்லதும்கூட.

இரண்டாவது, குழம்பு. கால் கோப்பைக் குழம்பு ஏறத்தாழ 60 கிராம். அதில் பெரும்பகுதி தண்ணீர், உப்பு, எண்ணெய், மாவு. பொரித்த தவ்வுப் பஞ்சு குழம்பை உறிஞ்சிக்கொண்டு இரட்டிப்பாகக் கனக்கும். கரண்டியைத் தட்டத்தின் ஓரத்தில் சற்றுச் சாய்த்து, குழம்பை வடியவிட்ட பிறகு எடுங்கள். காசும் மிஞ்சும், உப்பும் குறையும். நாள் ஒன்றுக்கு 5 கிராம், அதாவது ஒரு தேக்கரண்டிக்கு மேல் உப்பு வேண்டாம் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. சோயாச் சாறும், ஊறவைத்த காய்களும், புளித்த அவரைச் சாந்தும் சேர்ந்த கறிகளில் உப்பு ஏராளம்.

மூன்றாவது, பொரித்த பண்டங்கள். இங்கேதான் தராசு நம்மைத் தவறான வழிக்கு இழுக்கும். பொரிக்கும்போது பொருளில் உள்ள நீர் ஆவியாகிறது; எண்ணெய் உள்ளே புகுகிறது. ஆகவே மொறுமொறுப்பான பண்டம் தட்டில் குவிந்து தெரியும், தராசில் இலேசாக நிற்கும். ‘இவ்வளவு எடுத்தும் இவ்வளவுதானா!’ என்று மனம் மகிழும். ஆனால் ஒரு கிராம் எண்ணெயில் 9 கலோரி இருக்கிறது. மாவுச்சத்திலும் புரதத்திலும் 4 கலோரியே. கீரையோ நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு நீர். ஆகவே கொஞ்சம் எடுத்தாலே கனக்கும். இலேசானதையே தேடி எடுப்பவர் பொரித்ததை உண்பார், கீரையை விடுவார். பணத்தை மிச்சப்படுத்தியதாக அவர் நினைப்பார். உடல் வேறு கணக்கு எழுதும்.

நான்காவது, புரதம். கோழி, மீன், இறால் வடிவில் செய்து வைத்திருக்கும் போலி இறைச்சியைக் கண்டதும் பிள்ளைகள் அதையே கேட்பார்கள். அவை சோயாப் புரதம், கோதுமைப் புரதம், காளான் தண்டு முதலியவற்றால் செய்யப்படுபவை. சிலவற்றில் புரதம் உண்டு. ஆயினும் உப்பும் எண்ணெயும் கூடவே வரும். போலி இறால் பெரும்பாலும் கொன்ஞாக் என்னும் கிழங்கு மாவில் செய்யப்படுகிறது. அதில் புரதம் இல்லையென்றே சொல்லலாம். தினமும் உண்பதற்குத் தவ்வும் தெம்பேயுமே சிறந்தவை. 100 கிராம் தெம்பேயில் ஏறத்தாழ 19 கிராம் புரதம் இருக்கிறது. அதே எடைச் சோற்றில் 3 கிராம்கூட இல்லை. கொடுக்கும் காசு ஒன்றுதான். பெறும் சத்து எத்தனை மடங்கு வேறுபடுகிறது பாருங்கள்.

அப்படியானால் தட்டை எப்படி நிரப்புவது? நம் நாட்டுச் சுகாதார அமைச்சு ‘சுகு-சுகு செப்பாரோ’ என்று எளிய முறை ஒன்றைக் கற்பித்து வருகிறது. கால், கால், அரை என்பது அதன் பொருள். தட்டில் கால் பங்கு சோறு, கால் பங்கு புரதம், மீதி அரைப் பங்கு காய்கறியும் பழமும். சோற்றிலிருந்து தொடங்காமல், முதலில் தட்டின் பாதியைக் கங்கோங், சாவி, முட்டைக்கோசு, பூசணி, பயற்றங்காய் போன்றவற்றால் நிரப்புங்கள். அடுத்துத் தவ்வு அல்லது தெம்பே. கடைசியில் சோறு. இந்த வரிசையை மாற்றாதீர்கள். பசியோடு நிற்பவர் கை, முதலில் கண்ட பண்டத்தைத்தான் மிகுதியாக அள்ளும்.

இன்னும் சில சிறு குறிப்புகள். பௌத்த சைவத்தில் வெங்காயம், பூண்டு சேர்ப்பதில்லை. ஆனால் சில கடைகளில் முட்டை சேர்ப்பார்கள். விரதக்காரர்கள் “அடா தெலூர்?” என்று கேட்டுக்கொள்வது நல்லது. பால், தயிர், முட்டை எதுவுமே உண்ணாதவர்கள் பி12 உயிர்ச்சத்தைப் பற்றி மருத்துவரிடம் கேட்டறிய வேண்டும். காய்கறியிலிருந்து அது போதிய அளவு கிடைப்பதில்லை. இனிப்பு பானத்துக்குப் பதிலாக வெந்நீரோ சர்க்கரை இல்லாத சீனத் தேநீரோ அருந்தலாம். கடை திறந்து, கறிகள் சூடாக வந்து இறங்கும் வேளையில் செல்வது நலம். நெடுநேரம் ஆறிக் கிடந்த உணவு வேண்டாம். குடும்பத்தோடு உண்பதென்றால், சோற்றை வீட்டில் வடித்துக்கொண்டு, கறியை மட்டும் பொட்டலமாக வாங்கி வாருங்கள். கொடுக்கும் காசு முழுவதும் கறிக்கே போய்ச் சேரும்.

இந்தப் பேச்சு வெறும் சிக்கனக் கணக்கு என்று நினைத்துவிட வேண்டாம். 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டுப் பெரியவர்களில் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருக்கிறது. இந்தியரிடையே இது இன்னும் கூடுதல். சைவம் உண்கிறோம், ஆகவே நோய் அண்டாது என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சோறும் பொரியலும் குழம்புமாக நிறைந்த தட்டு, சைவமாக இருந்தாலும் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும்.

அடுத்த முறை மருத்துவமனைக்குச் சென்றபோது அதே கடைக்குப் போனோம். உண்மையைச் சொன்னால், நாம் சற்றுத் தயங்கினோம். தாயார்தான் முன்னே நடந்தார். சோறு தனிக் கணக்கா என்று அவரே கேட்டார். சிறு கிண்ணம் 1 வெள்ளி 50 காசு. கீரையும் காயும் 150 கிராம், குழம்பு வடித்த தவ்வும் தெம்பேயும் 90 கிராம் எடுத்துக்கொண்டார். தராசில் 240 கிராம். 7 வெள்ளி 20 காசு. சோற்றோடு சேர்த்து 8 வெள்ளி 70 காசு. முன்பு கொடுத்ததைவிட 4 வெள்ளி 80 காசு குறைவு. கீரையும் காயுமோ இரண்டரை மடங்கு!

அன்று தாயார் பசியில்லை என்று சொல்லவில்லை. தட்டில் ஒரு பருக்கையும் மீதம் வைக்காமல் உண்டு முடித்தார்.

நேயர்களே, நீங்களும் அடுத்த முறை அத்தகைய கடைக்குச் சென்றால், தட்டைத் தராசில் வைக்கும் முன் ஒரு கணம் அதைப் பாருங்கள். இதில் நீர் எவ்வளவு, எண்ணெய் எவ்வளவு, உடலுக்கு வேண்டியது எவ்வளவு என்று கேட்டுக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் இதைச் சொல்லிக் கொடுங்கள்.