கொக்கி ஊசியும் குடும்பக் கணக்கும்

தமிழர் பலர் பிழைப்புத் தேடி வேற்று மாநிலம் சென்றனர். சித்தூர்ப் பகுதித் தமிழர் பலரிடமோ, அவர்கள் இருந்த இடத்திற்கே வேற்று மாநிலம் வந்து சேர்ந்தது. 1911ஆம் ஆண்டில் அமைந்த சித்தூர் மாவட்டம், 1953 அக்டோபர் 1ஆம் நாள் பிறந்த ஆந்திர மாநிலத்தில் இணைந்தது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் திருத்தணி அன்றைய சென்னை மாநிலத்திற்கு வந்தது. சித்தூரும் திருப்பதியும் ஆந்திரத்திலேயே நின்றன. 2022 ஏப்ரல் 4 முதல் திருப்பதி தனி மாவட்டமாகவும் விளங்குகிறது. இம்மாற்றங்களுக்கிடையே அங்குள்ள தமிழ் இல்லங்களில் அடுப்பு ஒருநாளும் அணையவில்லை. அந்த அடுப்புக்குப் பின்னால் நடைபெறும் சிந்தனையைப் பற்றியே இங்குக் கூற விரும்புகிறோம். டில்லியிலோ மும்பையிலோ கல்கத்தாவிலோ குடித்தனம் நடத்தும் நேயர்களுக்கும் இது பயன்படலாம்.

திருப்பதியில் வீடு வைத்திருப்பவர் வீட்டோடு ஒரு சத்திரத்தையும் வைத்திருப்பவராவார். மலைக்குச் செல்லும் உறவினர் ஏறும்போது ஒரு வேளையும் இறங்கும்போது ஒரு வேளையும் தங்குவர். முன்னறிவிப்பு எப்போதும் இராது. புரட்டாசிச் சனிக்கிழமைகளிலும் பிரம்மோற்சவ நாட்களிலும் இது இருமடங்காகும். அங்குள்ள இல்லத்தரசியர் இதற்கென ஒரு முறை வகுத்துள்ளனர். இட்லி மாவு எப்போதும் ஒரு நாளைக்கு மிகுதியாக இருக்கும். புளிக்காய்ச்சல் ஒரு சாடியில் காத்திருக்கும். பருப்புப் பொடியும் அப்பளமும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். நால்வர் எதிர்பாராது வந்தால் சோறு மட்டும் வடித்தால் போதும். விருந்தோம்பல் என்பது வரவேற்கும் முகத்தில் மட்டுமன்று, முன்னாள் இரவே ஊறப்போட்ட உளுந்திலும் இருக்கிறது என்பதை அங்கேதான் நாங்கள் கற்றோம்.

சித்தூரில் நாங்கள் சில ஆண்டுகள் குடியிருந்தோம். அவ்வூர் உணவு, விளைவதை ஒட்டியே அமைந்தது. கேழ்வரகும் வேர்க்கடலையும் அந்த வறண்ட மண்ணின் செல்வங்கள். அரிசி நொய்யைக் குழைய வேகவைத்து, கேழ்வரகு மாவு சேர்த்துத் துடுப்பால் கிளறி உருட்டுவது அவ்வூரார் சொல்லும் ராகி சங்கடி. நம் களிக்கு நெருங்கிய உறவு. வேர்க்கடலைத் துவையலோ புளிச்சகீரைக் கடைசலோ அதற்குத் துணை. கோடையில் பெங்களூரா மாங்காய் மலிந்துவிட்டால் மாங்காய்ப் பருப்பு வாரம் இருமுறை வரும். அண்டை வீட்டார் பப்பு என்பதை நாங்கள் பருப்பு என்றோம். கிண்ணம் மட்டும் சுவருக்கு இருபுறமும் பேதமின்றிச் சென்று வந்தது.

வாரத்திற்கான உணவுத் திட்டம் வகுக்க விரும்புவோர் மூன்று கேள்விகளிலிருந்து தொடங்கலாம். இவ்வாரம் சந்தையில் மலிந்தது எது? விரைவில் கெடுவது எது? முன்னாள் இரவே ஊற வேண்டியது எது? கீரையும் தக்காளியும் வார முற்பாதிக்கு. பூசணி, சேனை, வெங்காயம் பிற்பாதிக்கு. கொண்டைக்கடலைக்கும் மொச்சைக்கும் நாள் குறித்துவிட்டால் காலைப் பரபரப்புக் குறையும். ஒரு வேளையைக் குறிக்காது விட்டுவிடுவது நலம். மிச்சத்திற்கும் விருந்தினருக்கும் அது இடம் கொடுக்கும்.

இனி ஊசிக்கு வருவோம். அடுப்பில் பருப்பு வேகும் இடைவேளையில் என் மனைவியார் குரோஷா பின்னுவார். எங்கள் தெருவில் அவருடைய வயதுடைய பெண்களிற் பலரும் பின்னினர். தலையணை ஓரம், மேசை விரிப்பு, வானொலிப் பெட்டிக்கு உறை என எல்லா வீடுகளிலும் வெண்ணிற நூற்பின்னல் காணலாம். கம்பளிச் சட்டை பின்னுவோர் வரிசைக் கண்ணிகள் அனைத்தையும் ஊசியிலேயே தாங்கியிருக்க வேண்டும். நடுவில் கை நழுவினால் பல கண்ணிகள் அவிழும். குரோஷாவிலோ எந்த நேரத்திலும் பெரும்பாலும் ஒரே ஒரு கண்ணிதான் கொக்கியில் திறந்து நிற்கும். பால் பொங்கினாலும், குழந்தை அழுதாலும், வாயிலில் யாரேனும் அழைத்தாலும் அந்த ஒரு கண்ணியைச் சற்று நீட்டி இழுத்துவிட்டு எழுந்து போகலாம். இடையறாது அழைக்கப்படும் ஒருவருக்கே பொருந்திய கலை அது. அதை ஓய்வுநேரப் பொழுதுபோக்கு என்று நாங்கள் எண்ணியிருந்தோம். துண்டு துண்டாக நறுக்கப்பட்ட நேரத்திலிருந்து ஒரு முழுப் பொருளை ஆக்கும் உழைப்பு அது என்பது பின்னரே புலப்பட்டது.

ஆந்திரத்திலேயே இதற்குப் பெரியதோர் சான்று உண்டு. மேற்குக் கோதாவரி மாவட்டத்து நரசாபூரில், 19ஆம் நூற்றாண்டில் கிறித்துவ மிஷனரிமார் கற்பித்த குரோஷா லேஸ், வெளிநாடுகளுக்கு ஏற்றுமதியாகும் தொழிலாக வளர்ந்தது. செருமானியச் சமூகவியலாளர் மரியா மீஸ் அப்பெண்களின் வாழ்வை ஆராய்ந்து 1982இல் நூல் வெளியிட்டார். அவர்கள் வீட்டு வேலைகளுக்கு மேலாக நாளொன்றுக்கு 6 முதல் 8 மணிநேரம் வரை பின்னியும், வீட்டிலிருப்போர் என்றே கருதப்பட்டதால் அவ்வுழைப்பு உழைப்பாக எண்ணப்படவில்லை. கூலியும் மிகக் குறைவாயிருந்தது என்று அவர் காட்டினார். 2024இல் நரசாபூர் லேஸுக்குப் புவிசார் குறியீடு கிட்டியது. பொருளுக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பின்னிய விரல்களுக்கு உரிய மதிப்பும் கிடைக்க வேண்டும்.

எங்கள் அலுவல் மொழிபெயர்ப்பு. ஒருமுறை ஒரு படிவத்தைத் தமிழாக்கிய வேளையில், வீட்டுக் கடமைகள் மட்டும் செய்வோரை வேலை செய்யாதோர் பகுதியில் சேர்த்து எழுத வேண்டியதாயிற்று. நம் நாட்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலும் அவர்கள் அப்பகுதியிலேயே அடங்குவர். மொழிபெயர்ப்பில் பிழையில்லை. அன்றிரவு அத்தாளை மேசைமீது கண்ட மனைவியார், "நாளைக்கு வேலை செய்யாதவள் என்ன சமைக்கட்டும்?" என்று மட்டும் கேட்டார். மறுமொழி சொல்ல எங்களுக்குச் சொல் அகப்படவில்லை. சொற்களையே தொழிலாகக் கொண்டவர்க்கு அது சிறிய தோல்வியன்று.

எண்களும் அவர் பக்கமே நின்றன. 2019ஆம் ஆண்டின் தேசிய நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டுவேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டனர். 2021 சனவரி 5ஆம் நாள் உச்ச நீதிமன்றம், விபத்து இழப்பீட்டு வழக்கொன்றில் இவ்வெண்களைச் சுட்டி, இல்லத்தரசியின் உழைப்புக்கும் வருமான மதிப்பு உண்டு என்று வலியுறுத்தியது. எனினும் நாளைக்கு என்ன என்று இரவில் படுத்தபடி எண்ணும் நிமிடங்களை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

திருப்பதியில் திருமணத்தைப் பற்றிப் பேசுவோர் சீனிவாசப் பெருமாளின் கலியாணக் கடனை நினையாதிரார். பத்மாவதித் தாயாரை மணக்கக் குபேரனிடம் வாங்கிய கடனைப் பெருமாள் இன்றளவும் தீர்த்துவருவதாகத் தலபுராணம் கூறும். இல்லறத்தில் வாழ்வோர்க்கு இதில் ஒரு குறிப்பு உண்டென்று நாங்கள் கொள்கிறோம். மணநாள் ஒரே நாளில் முடிகிறது. அன்று ஏற்ற கடனோ நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்தப்பட வேண்டியது. இல்லங்கள் பலவற்றில் அதை ஒருவரே செலுத்திவருகிறார் என்பதே குறை.

எங்கள் இல்லத்தில் அன்று முதல் ஒரு வழக்கம் ஏற்பட்டது. ஞாயிறு மாலை இருவரும் கால்மணி நேரம் அமர்ந்து அவ்வார உணவைத் தாளில் எழுதுகிறோம். ஊறவைக்கும் பொறுப்பும் சந்தைப் பொறுப்பும் எங்களுடையவை. முதல் மாதத்தில் மொச்சையை இருமுறை மறந்தோம். மனைவியார் நினைவூட்டவில்லை, அவ்விருநாளும் மோர்ச்சோறே கிடைத்தது. மூன்றாம் மாதத்திலிருந்து மறதி குறைந்தது. உதவி செய்வதென்பது சொன்னதைச் செய்வது; பங்கேற்பதென்பது சொல்லாமலே நினைவில் வைத்திருப்பது.

சுற்றமும் நெடுந்தொலைவில் இருக்கும் வேற்றூர்க் குடித்தனத்தில் இருவருக்கு இருவரே துணை. ஆதலின் நேயர்கள் இவ்வாரமே ஒரு தாளெடுத்து இருவருமாக எழுதிப் பார்க்கலாம். அந்நேரத்தில் அம்மையார் கையில் கொக்கி ஊசி இருக்குமாயின், கண்ணி எண்ணி முடியும்வரை சற்றுப் பொறுத்துப் பேச்சைத் தொடங்குவது மரியாதையாகும்.