உங்களுக்குத் தெரியாமலே விவாகரத்து ஆயிடுச்சா? வீடு, நகை, லோன் யாருக்கு?



ஒரு கற்பனை உதாரணத்தோட ஆரம்பிப்போம். கணவன், மனைவி ரெண்டு பேரும் வேலைக்குப் போறவங்க. சென்னையில 60 லட்ச ரூபாய்க்கு ஒரு ஃப்ளாட் வாங்கினாங்க. பத்திரம் ரெண்டு பேர் பெயர்ல. 45 லட்சம் ஹோம் லோன், அதுவும் ரெண்டு பேர் பெயர்ல. பிரச்சனை வந்து மனைவி பெங்களூருக்கு மாறிட்டாங்க. கணவர் குடும்ப நல நீதிமன்றத்துல விவாகரத்து கேஸ் போட்டார். சம்மன் பழைய முகவரிக்குப் போச்சு. அவங்க வரல. தீர்ப்பு வந்து அஞ்சு மாசம் கழிச்சு, "நமக்கு டைவர்ஸ் ஆயிடுச்சு, வீட்ல உனக்கு ஒண்ணும் கிடையாது"ன்னு ஒரு மெசேஜ் மட்டும் வருது.

அந்த மெசேஜ்ல முதல் பாதி உண்மையா இருக்கலாம். ரெண்டாவது பாதி தப்பு. ஏன்னு பார்ப்போம்.

எக்ஸ்பார்ட்டி தீர்ப்புன்னா என்ன?

சம்மன் முறையா சேர்ந்தும் எதிர் தரப்பு வரலைன்னா, அவங்க இல்லாமலே நீதிமன்றம் வழக்கை நடத்தலாம். இதைத்தான் எக்ஸ்பார்ட்டி, அதாவது ஒருதலைப்பட்சத் தீர்ப்புன்னு சொல்றோம். ஆள் வரலைங்கிறதுக்காக மட்டும் விவாகரத்து கிடைச்சிடாது. இந்து திருமணச் சட்டம் 23-வது பிரிவுப்படி, எதிர்ப்பு இருந்தாலும் இல்லாட்டாலும் காரணத்தை நிரூபிச்சே ஆகணும்.

ஆளை நேர்ல கண்டுபிடிக்க முடியலைன்னா, கடைசியா குடியிருந்த வீட்டுக் கதவுல ஒட்டியோ, பேப்பர்ல விளம்பரம் கொடுத்தோ சம்மன் அனுப்ப நீதிமன்றம் அனுமதிக்கலாம். அதனாலதான் சிலருக்குத் தீர்ப்பு வந்த பிறகுதான் கேஸ் நடந்ததே தெரிய வருது.

வீடு யாருக்கு?

நம்ம நாட்டுல கோவாவைத் தவிர மத்த இடங்கள்ல, கல்யாணம் ஆனதால மட்டும் சொத்து பாதிப் பாதி ஆகாது. விவாகரத்து ஆனதால மட்டும் கைமாறவும் செய்யாது. பத்திரத்துல யார் பெயர் இருக்கோ, அதுதான் அடிப்படை.

• ரெண்டு பேர் பெயர்ல இருந்தா: விவாகரத்துக்குப் பிறகும் ரெண்டு பேரும் கூட்டு உரிமையாளர்கள்தான். பத்திரத்துல பங்கு குறிப்பிடலைன்னா, சொத்து மாற்றுச் சட்டம் 45-வது பிரிவுப்படி யார் எவ்வளவு பணம் போட்டாங்களோ அந்த விகிதம். அதுக்கு ஆதாரம் இல்லைன்னா சமபங்கு. ஒருத்தர் தனியா முழு வீட்டையும் விற்க முடியாது.

• அவர் பெயர்ல மட்டும் இருந்து, நீங்களும் இஎம்ஐ கட்டியிருந்தா: உரிமை தானா வராது. பாகம் கேட்டு வழக்கு போட்டு நிரூபிக்கணும். பேங்க் ஸ்டேட்மெண்ட்தான் இங்க உங்க ஆயுதம்.

• நகை, சீர்: பெண்ணுக்குக் கல்யாணத்துல வந்த நகையும் பணமும் அவங்க சீதனம். அது கணவன்-மனைவி கூட்டுச் சொத்து இல்லைன்னு உச்ச நீதிமன்றம் 2024-லயும் தெளிவா சொல்லியிருக்கு. எக்ஸ்பார்ட்டி விவாகரத்து இதைப் பறிக்காது.

ஒரு எச்சரிக்கை. சில சமயம் மனுவுலயே விவாகரத்தோட சொத்து சம்பந்தமாவும் கேட்டிருப்பாங்க. தீர்ப்புல அது பற்றியும் உத்தரவு இருந்தா, அதை ரத்து செய்யும் வரை அது உங்களைக் கட்டுப்படுத்தும். அதனால முதல் வேலை, தீர்ப்போட சான்றிட்ட நகலை வாங்கி முழுசா படிக்கிறது.

ஜீவனாம்சம் கேட்கலாமா?

கேட்கலாம். இந்து திருமணச் சட்டம் 25-வது பிரிவுல, தீர்ப்பு சொல்லும்போதோ "அதுக்குப் பிறகு எப்போது வேணும்னாலும்" நிரந்தர ஜீவனாம்சம் கேட்க வழி இருக்கு. கணவன், மனைவி யார் வேணும்னாலும் கேட்கலாம். மறுமணம் செய்யாத, தன்னைப் பராமரிச்சுக்க முடியாத விவாகரத்தான பெண், பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா 144-வது பிரிவுலயும் மாதாந்திரப் பராமரிப்பு கேட்கலாம். இது பழைய 125-வது பிரிவுதான். விவாகரத்தான முஸ்லிம் பெண்களும் இந்தப் பிரிவுல கேட்கலாம்னு 2024 ஜூலையில உச்ச நீதிமன்றம் சொன்னது.

ரெண்டு தரப்பும் சொத்து, கடன், வருமான விவரத்தைப் பிரமாணப் பத்திரமா தாக்கல் செய்யணும்னு 2020-ல ரஜ்னீஷ் எதிர் நேஹா வழக்குல உச்ச நீதிமன்றம் வரையறுத்திருக்கு. சம்பளத்தை மறைக்கிறது இனி அவ்வளவு ஈஸி இல்ல.

30 நாள் கணக்கு

எக்ஸ்பார்ட்டி தீர்ப்பை ரத்து செய்யக் கேட்க ரெண்டு காரணம்தான் செல்லும். ஒண்ணு, சம்மன் முறையா வந்து சேரல. ரெண்டு, வர முடியாததுக்கு நியாயமான காரணம் இருந்தது. காலக்கெடு, தீர்ப்பு தேதியிலிருந்து 30 நாள். சம்மன் முறையா சேரலைன்னா, தீர்ப்பு பற்றித் தெரிஞ்ச நாளிலிருந்து 30 நாள். தாமதமாயிட்டா, காரணம் சொல்லி தாமத மன்னிப்பு மனுவும் போடலாம். நம்ம உதாரணத்துல அந்த மெசேஜ் வந்த தேதிதான் முக்கியமான ஆதாரம். கோபத்துல டெலிட் பண்ணிடாதீங்க!

இங்க ஒரு கேள்வியை உங்களையே கேட்டுக்கங்க: எனக்கும் விவாகரத்து வேணுமா? வேணும்னா, தீர்ப்பை ரத்து செஞ்சு கேஸை முதல்ல இருந்து நடத்தணும்னு அவசியம் இல்ல. விவாகரத்தை விட்டுட்டு, ஜீவனாம்சத்துக்கும் பாகப்பிரிவினைக்கும் தனியா மனு போடலாம். எந்த வழி நல்லதுன்னு வக்கீல்கிட்ட பேசி முடிவெடுங்க.

பேங்க்குக்கு உங்க டைவர்ஸ் தெரியாது

தீர்ப்பு வாங்கினவங்களும் இதைக் கவனிக்கணும்.

1. ஹோம் லோன்: கூட்டா கையெழுத்து போட்டிருந்தா, விவாகரத்துக்குப் பிறகும் பேங்க் ரெண்டு பேர்கிட்டயும் முழுக் கடனையும் கேட்கலாம். இஎம்ஐ நின்னா ரெண்டு பேர் கிரெடிட் ஸ்கோரும் அடிவாங்கும்.

2. ஜாயிண்ட் அக்கவுண்ட்: "யாராவது ஒருவர்" எடுக்கலாம்னு இருந்தா, மறுபக்கம் முழுப் பணத்தையும் எடுத்துடலாம். உடனே பேங்க்குக்கு எழுத்துல கொடுங்க.

3. நாமினி, உயில்: விவாகரத்து ஆனதும் இதெல்லாம் தானா மாறாது. பிஎஃப், இன்சூரன்ஸ், மியூச்சுவல் ஃபண்ட் எல்லாத்துலயும் நீங்களே போய் மாத்தணும்.

4. வாரிசு உரிமை: இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, விவாகரத்து உறுதியான பிறகு முன்னாள் கணவனோ மனைவியோ வாரிசு கிடையாது. ஆனா பிள்ளைங்க உரிமை அப்படியே இருக்கும்.

இந்த வாரமே செய்ய வேண்டியது

• பிரிஞ்சு இருக்கீங்களா? இ-கோர்ட்ஸ் இணையதளத்துல உங்க பெயரைப் போட்டு கேஸ் இருக்கான்னு பாருங்க. இலவசம்தான்.
• சம்மன் வந்தா வாங்காம திருப்பி அனுப்பாதீங்க. வாங்க மறுத்தாலும் சேர்ந்ததாவே நீதிமன்றம் எடுத்துக்கலாம்.
• வீட்டுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்க. பத்திர நகல், இஎம்ஐ கட்டின ஸ்டேட்மெண்ட், நகை பில், கல்யாண போட்டோ எல்லாத்தையும் ஒரே ஃபோல்டர்ல வைங்க.
• வக்கீல் செலவுக்கு வழி இல்லைன்னு ஒதுங்காதீங்க. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காம மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இலவச வக்கீல் தரும்.

கோர்ட்டுக்குப் போகாம இருந்தா பிரச்சனை தானா ஓஞ்சிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க. ஓயாது, நீங்க இல்லாம நடந்துடும், அவ்வளவுதான். இது பொதுவான விளக்கம் மட்டுமே. உங்க கேஸுக்கு உங்க வக்கீல் சொல்றதுதான் இறுதி. கூட்டா வீடு வாங்கும்போது பத்திரத்துல பங்கு எப்படி எழுதணும்னு தனி வீடியோவுல பேசுவோம். சந்தேகம் இருந்தா கமெண்ட்ல கேளுங்க. யாராவது ஒருத்தருக்கு இது உதவும்னு தோணினா ஷேர் பண்ணுங்க.