கொள்முதல் பயணமும் வாகனத் திருட்டும்: வியாபாரிகளின் கவனத்திற்கு

நோன்புப் பெருநாள் நெருங்கும்போதும் புதிய பாடசாலை ஆண்டு தொடங்கும்போதும் எமது வியாபாரிகள் சொந்த வேனிலோ வாடகை வேனிலோ கொழும்புக்குக் கொள்முதலுக்குப் புறப்படுகின்றனர். கல்முனை, காத்தான்குடி, ஏறாவூர் பக்கத்திலிருந்து வருவோருக்கு வழமை ஒன்றுதான். இஷா தொழுதுவிட்டு வாகனத்தில் ஏறினால் விடியும்போது புறக்கோட்டை. எந்தக் கடையில் என்ன விலை, எதை எத்தனை டசின் எடுப்பது என்றெல்லாம் ஒரு வாரம் முன்பே கணக்குப் போடுகிறோம். ஆனால், அந்தக் காசும் திரும்பி வரும்போது சாமானும் வழியில் எப்படிப் பாதுகாப்பாக இருக்கும் என்று கணக்குப் போடுவோர் குறைவு.

நானும் அப்படித்தான் இருந்தேன். 2012ஆம் ஆண்டு ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முன்னர் கொள்முதலுக்குப் போகும் வழியில், சுபஹ் தொழுகைக்காக வீதியோரப் பள்ளிவாசல் ஒன்றின் முன்னால் வேனை நிறுத்தினோம். மடியிலிருந்த பையை ஆசனத்தின் கீழே தள்ளி, மேலே ஒரு துவாயைப் போட்டு மூடிவிட்டு இறங்கினேன். எதிர்ப்பக்கத் தேநீர்க் கடை வாசலில் நாலைந்து பேர் நின்றதை நான் கண்டேன். நான் செய்ததையும் யாராவது காண்பார்கள் என்று அப்போது தோன்றவில்லை. தொழுதுவிட்டுத் திரும்பும்போது முன்கதவின் கண்ணாடி கற்கண்டு போல் நொறுங்கி ஆசனத்தில் கிடந்தது. துவாய் இருந்தது. பை இல்லை.

பையில் இருந்தது இரண்டு இலட்சத்து நாற்பதாயிரம் ரூபா. அதைவிடப் பெரிய இழப்பு கடன் கொப்பி. ஊரில் யார் எவ்வளவு தரவேண்டும் என்பது அதில்தான் இருந்தது. அல்லாஹ்வைப் பயந்தவர்கள் தாமாகவே வந்து கணக்குச் சொன்னார்கள். மற்றவர்கள் சொல்லவில்லை. எல்லாவற்றையும்விட மனதை வருத்தியது, அந்தக் காசில் அறுபத்தையாயிரம் என்னுடையதல்ல என்பதுதான். தையல் மெஷின் ஒன்று வாங்கி வரும்படி அயலிலுள்ள ஒரு விதவைச் சகோதரி தந்த அமானிதம் அது.

ஊருக்கு வந்து மௌலவி ஒருவரிடம் கேட்டேன். அமானிதப் பொருள் கவனக்குறைவு இல்லாமல் களவு போனால் பொறுப்பெடுத்தவர் மீது நட்டஈடு இல்லை, கவனக்குறைவு இருந்தால் கொடுத்தேயாக வேண்டும் என்று விளக்கிய அவர், “கையில் எடுத்துப் போகக்கூடிய பையை வீதியில் வைத்துவிட்டுப் போனது கவனக்குறைவா இல்லையா என்று நீங்களே சொல்லுங்கள் ஹாஜியார்” என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று தவணையில் அந்தக் காசைக் கொடுத்து முடித்தேன். அன்று படித்த பாடத்தைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கள்ளன் எதைப் பார்க்கிறான்?

வாகனத்தை உடைப்பவன் பெரும்பாலும் வாகனத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே தெரியும் பொருளையே பார்க்கிறான். முன் கண்ணாடி இரண்டு தகடுகளுக்கு இடையில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. அது வெடித்தாலும் இலகுவில் விழாது. பக்கக் கண்ணாடிகள் பொதுவாக அப்படியல்ல. கூரான ஒரு சிறு பொருளால் ஓரிடத்தில் தாக்கினாலே முழுவதும் சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். அதற்குச் சில விநாடிகள் போதும். அலாரம் அலறினாலும், நீங்கள் செருப்பைத் தேடிப் போட்டு வெளியே வருவதற்குள் அவன் போய்விடுவான். ஆகவே, பூட்டும் அலாரமும் தேவைதான் என்றாலும் அவற்றை மட்டும் நம்பியிருக்க முடியாது. உடைக்கும் ஆசையை உண்டாக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு.

இதில் எமது ஆட்கள் விடும் பெரிய பிழை, வாகனத்தை நிறுத்திய பிறகு பொருளை ஒளிப்பது. பையை ஆசனத்தின் கீழ் தள்ளுவதும், டிக்கியைத் திறந்து உள்ளே வைப்பதும் பார்த்துக்கொண்டிருப்பவனுக்கு இடத்தைக் காட்டிக் கொடுப்பதற்குச் சமம். மறைக்க வேண்டியதைப் புறப்படும் முன் வீட்டு வாசலிலேயே மறைத்துவிடுங்கள். நிறுத்திய இடத்தில் ஒன்றையும் தொடாமல் இறங்கிப் போங்கள். காசுப் பை என்றால் அது உடம்போடு வரட்டும். தொழும்போது அதை முன்னால் வைத்துக்கொள்ளலாம்.

புறப்படும் முன்

முதலாவது, காசைக் குறையுங்கள். 2015ஆம் ஆண்டில் லங்கா கிளியர் நிறுவனம் ‘செஃப்ட்ஸ்’ என்னும் பணமாற்று முறையைத் தொடக்கிய பின்னர், ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்கு உடனடியாகக் காசு அனுப்ப முடிகிறது. வழமையாகக் கொள்முதல் செய்யும் கடைகளின் கணக்கு இலக்கங்களை வாங்கி வைத்துக்கொண்டால், கையில் கொண்டுபோவது வழிச்செலவுக்கும் சில்லறைக் கொள்முதலுக்கும் போதுமான தொகையாக இருக்கும்.

இரண்டாவது, கையொப்பமிட்ட வெற்றுக் காசோலைகளை ஒருபோதும் எடுத்துச் செல்ல வேண்டாம். காசோலை எழுதுவதானால் பெறுநரின் பெயரை எழுதி, குறுக்குக் கோடிட்டு, ‘பெறுநரின் கணக்குக்கு மாத்திரம்’ என்று குறியுங்கள். அதை யாரும் வங்கிக் கவுண்டரில் காசாக்க முடியாது.

மூன்றாவது, கடன் கொப்பி கடையை விட்டு வெளியே போகக் கூடாது. தேவையான பக்கங்களைத் தொலைபேசியில் படம் எடுத்து, வீட்டாருக்கும் ஒரு பிரதியை அனுப்பி வையுங்கள்.

நான்காவது, காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை வாசியுங்கள். மூன்றாந்தரப்புக் காப்புறுதி களவுக்கு உதவாது. முழுமையான காப்புறுதியும் பொதுவாக வாகனத்துக்கும் அதன் பாகங்களுக்குமே தவிர, உள்ளே இருந்த காசுக்கும் வியாபாரச் சாமானுக்கும் அல்ல. கொண்டுசெல்லும் பொருளுக்கும் பணத்துக்கும் தனிக் காப்புறுதிகள் உண்டு. அவற்றின் நிபந்தனைகளைக் காப்புறுதி அல்லது தகாபுல் முகவரிடம் கேட்டு அறிந்துகொள்ளுங்கள்.

வழியில்

எங்கே நிறுத்துவது என்பதை முன்கூட்டியே தீர்மானியுங்கள். பொலன்னறுவைப் பக்கமாக வருபவர்கள் மின்னேரியாவுக்கும் ஹபரணைக்கும் இடையில் இரவில் எக்காரணம் கொண்டும் இறங்க வேண்டாம். அது யானை கடக்கும் காட்டுப் பாதை. தம்புள்ளை, குருநாகல் போன்ற நகரங்களில் வெளிச்சமுள்ள இடத்தில், நீங்கள் அமரும் மேசையிலிருந்து வாகனம் தெரியும்படி நிறுத்துங்கள். தொழுகைக்கு இறங்குவதானால் இரண்டு பிரிவாகத் தொழலாம். ஒருவர் வாகனத்தில் இருக்க, மற்றவர்கள் தொழுதுவிட்டு வந்து அவரை அனுப்பலாம். ஜும்ஆ நேரத்தில் ஆண்கள் அனைவரும் உள்ளே இருப்பார்கள், வீதியில் வாகனங்கள் மட்டும் வரிசையாக நிற்கும் என்பது கள்ளனுக்கும் தெரியும். அன்று பிரயாணத்தில் இருந்தால் காவலாளியுள்ள தரிப்பிடத்தைத் தேடுங்கள்.

ரிமோட்டை அமுக்கினால் பூட்டிவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம். அந்தச் சமிக்ஞையைத் தடுக்கும் கருவிகளும் இருக்கின்றன. கைபிடியை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நகர வேண்டும்.

“டயரில் காற்று இல்லை”, “எண்ணெய் ஒழுகுகிறது” என்று யாராவது சைகை காட்டினால் உடனே பதறி இறங்காதீர்கள். சொல்பவர் நல்லவராகவும் இருக்கலாம். ஆனால் சாரதி ஒரு பக்கம் குனிந்து பார்க்கும்போது மறுபக்கக் கதவால் பை போவது பழைய தந்திரம். மெதுவாக ஓட்டிச் சென்று எரிபொருள் நிலையத்தில் நிறுத்திப் பாருங்கள். டயர் பழுதானாலும் பரவாயில்லை. இறங்கத்தான் வேண்டுமென்றால் இயந்திரத்தை நிறுத்தி, திறப்பைக் கையில் எடுத்து, எல்லாக் கதவுகளையும் பூட்டிவிட்டு இறங்குங்கள்.

புறக்கோட்டையில்

சாமான் ஏற்றும் நேரமே அதிகம் கவனிக்க வேண்டிய நேரம். கெய்சர் வீதியில் ஒரு கடை, இரண்டாம் குறுக்குத் தெருவில் இன்னொரு கடை என்று நாம் அலையும்போது, நாட்டாமிமார் பார்சலைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். வாகனத்தில் ஒருவர் கட்டாயம் இருக்க வேண்டும். எத்தனை பார்சல் என்று கொப்பியில் குறித்து, ஒவ்வொன்றிலும் இலக்கம் போட்டு ஏற்ற வேண்டும். அப்படிச் செய்யாவிட்டால் ஒன்று குறைந்தது ஊருக்கு வந்த பிறகுதான் தெரியும். வேனில் சுற்றிவரக் கண்ணாடி என்பதால் சாமானை ஏற்றியதும் கறுப்புத் துணியால் மூடிவிடுங்கள். பெறுமதியானவை நடுவிலும், பாரமானதும் மலிவானதும் கதவுப் பக்கத்திலும் இருக்கட்டும்.

நடந்துவிட்டால்

எதையும் தொடாதீர்கள், கண்ணாடித் துண்டுகளைக் கூட்ட வேண்டாம். படம் எடுங்கள். 119க்கு அழையுங்கள். ஊருக்குப் போய்ப் பார்ப்போம் என்று வராமல், சம்பவம் நடந்த பகுதிப் பொலிஸ் நிலையத்திலேயே முறைப்பாடு செய்து அதன் பிரதியைப் பெறுங்கள். காப்புறுதிக்கும், தொலைந்த அடையாள அட்டை, சாரதி அனுமதிப்பத்திரத்துக்கும் அது தேவைப்படும். காசோலைப் புத்தகம் போயிருந்தால் அந்த நிமிடமே வங்கிக்கு அறிவித்துக் கொடுப்பனவை நிறுத்துங்கள். நான் இதைச் செய்யப் பிந்தியதால் இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்தேன்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதை நாம் சிறு வயதிலேயே மத்ரஸாவில் கேட்டிருக்கிறோம். எமது வேன்தான் எமது ஒட்டகம். அதில் இருப்பதில் ஒரு பங்கு கடனுக்கு வாங்கியது, ஒரு பங்கு பிறர் தந்த அமானிதம். கண்ணாடி உடைந்தால் மாற்றிப் போடலாம், அமானிதத்துக்குப் பதில் சொல்வது இலேசான காரியமல்ல. அடுத்த பயணத்துக்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி வாகனத்தை வெளியே நின்று கள்ளனின் கண்ணால் ஒருமுறை பாருங்கள். ஏதாவது தெரிந்தால் அதை எடுத்துவிட்டுப் புறப்படுங்கள். அல்லாஹ் எமது பிரயாணங்களையும் பொருட்களையும் பாதுகாப்பானாக.