கால்வாயில் வந்த விறகு

கேஸ் அடுப்பு வராத காலத்தில், வடசென்னை வீடுகளில் உலை கொதித்தது சவுக்கு விறகில். அந்த விறகும், உப்பும், கிளிஞ்சலும் பக்கிங்ஹாம் கால்வாயில் படகில் வந்தன. காற்று அடித்தால் பாய் விரிப்பார்கள். இல்லையென்றால் கரையில் நடந்தபடி கயிறு கட்டி இழுப்பார்கள். திருவொற்றியூரில் வளர்ந்த எனக்கு, படகுக்காரர்கள் கரையில் வைத்த மீன்குழம்பின் வாசனைகூட நினைவிருக்கிறது.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே வெட்டிய கால்வாய் இது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில், பட்டினி கிடந்தவர்களுக்குக் கூலி கொடுத்து நகருக்குள் நீட்டினார்கள். அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயரே நிலைத்தது. 1960-களிலும் 1976-லும் அடித்த புயல்களில் கரைகள் சிதைந்தன. சரக்கு லாரிக்கு மாறியது. படகு நின்றதும் கவனிப்பும் குறைந்து, மழைநீர் வடியும் வழி தூர்ந்தது.

போர்வெல் வந்தபின் நம் ஊர் வரத்துக்கால்வாய்களுக்கும் இதே கதிதான். உங்கள் வாய்க்காலின் பழைய அகலம் என்ன என்று கிராம நிர்வாக அலுவலரிடம் புலப்படத்தில் பாருங்கள். குறைந்திருந்தால், அளந்து கல் நடவும் தூர்வாரவும் கேட்டு அடுத்த கிராம சபையில் தீர்மானம் போடுங்கள். படகு திரும்பாது, தண்ணீர் திரும்பும்.