காவிரி எட்டாத இடத்தில் பாறை நீர்: பெங்களூரு புறநகர்களில் ரேடான் கேள்வி

பெங்களூரு: லால்பாக் பூங்காவில் எழுந்து நிற்கும் பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுகள் பழமையானது, தேசியப் புவியியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. நகரின் குடிநீரைப் பற்றிய ஒரு கேள்வி இத்தகைய பாறைகளுக்குள்தான் இருக்கிறது.

இப்பாறைகளில் சிறிதளவு யுரேனியம் கலந்துள்ளது. அது சிதைந்து ரேடியமாகி, பின்னர் ரேடான் வாயுவாகிறது. நிறமோ மணமோ இல்லாத இவ்வாயுவைச் சுவாசிக்கும்போது அதன் சிதைவுப் பொருட்கள் நுரையீரலில் படிகின்றன. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1988-ல் இதனை மனிதருக்குப் புற்றுநோய் விளைவிப்பதாக வகைப்படுத்தியது. வீடுகளில் ஒரு கனமீட்டர் காற்றுக்கு 100 பெக்கரல் என்ற அளவை உலக சுகாதார நிறுவனம் 2009-ல் பரிந்துரைத்தது.

இயற்கைக் கதிர்வீச்சு எங்கும் உள்ளதே என்பது உண்மைதான். கேரளத்தின் கருநாகப்பள்ளியில் மோனசைட் மணல் மீது வாழும் மக்களிடம் புற்றுநோய் கூடுதலாக இல்லை என 2009-ல் வெளியான ஆய்வு கூறியது. ஆனால் அங்கு மணலிலிருந்து உடலை ஊடுருவுவது பெரும்பாலும் காமா கதிர். ரேடானோ நுரையீரலுக்குள் செல்வது. அந்த ஆய்வைக் காட்டி இதனை ஒதுக்கிவிட இயலாது.

மத்திய நிலத்தடி நீர் வாரியப் புவியியலாளர்கள் பெங்களூருவின் சில பகுதிகளில் ஆழ்துளைக் கிணற்று நீரைச் சோதித்து 2010-ல் முடிவுகளை வெளியிட்டனர். அமெரிக்கா முன்மொழிந்த, லிட்டருக்கு 11.1 பெக்கரல் என்ற அளவைக் காட்டிலும் ரேடான் பல மடங்கு மிகுந்திருந்தது. அந்த அளவு 1999-ல் முன்மொழியப்பட்டதே தவிர அங்கு சட்டமாகவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். எனினும் ஐரோப்பிய ஒன்றியம் குறிக்கும் 100 பெக்கரலையும் சில கிணறுகள் தாண்டியிருந்தன.

யுரேனியம் தனிக் கவலை. கிழக்குக் கர்நாடகத்தின் 73 கிராமங்களில் 57-ல் அது லிட்டருக்கு 30 மைக்ரோகிராமைக் கடந்திருந்ததாக இந்திய அறிவியல் கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2021-ல் தெரிவித்தனர்.

ஆற்று நீரில் ரேடான் தங்குவதில்லை. ஓட்டத்திலேயே காற்றில் கலந்துவிடும். ஆகவே காவிரிக் குழாய் உள்ள மைய நகரத்தாருக்கு இக்கவலை குறைவு. 2007-ல் மாநகராட்சியுடன் இணைக்கப்பட்ட 110 கிராமங்களின் நிலை வேறு. காவிரித் தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் பெங்களூருவின் குடிநீருக்கென 4.75 டிஎம்சி கூடுதலாக ஒதுக்கியது 2018-ல். இக்கிராமங்களுக்கான ஐந்தாம் கட்டத் திட்டம் தொடங்கப்பட்டதோ 2024 அக்டோபரில். இடைப்பட்ட காலத்தில் ஆழ்துளைக் கிணறும் தண்ணீர் லாரியுமே கதி. 2024 கோடையில் 14,000 கிணறுகளில் 6,900 வற்றிவிட்டதாக முதல்வர் சித்தராமையா கூறினார். வற்ற வற்ற, துளை இன்னும் ஆழமாகப் பாறைக்குள் இறங்குகிறது.

ரேடானை நீக்குவது கடினமன்று. நீரைத் தொட்டியில் தெளித்து விழச் செய்து, அங்கு காற்றோட்டமும் இருந்தால் பெரும்பகுதி வெளியேறிவிடும். யுரேனியம் அவ்வாறு போகாது. கொதிக்க வைத்தாலும் தங்கும். ஆனால் எதை நீக்குவது என்று தெரிய முதலில் சோதனை வேண்டும். இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயத்தில் ஆல்ஃபா, பீட்டா கதிர்களுக்கு மொத்த வரம்பு உண்டு; ரேடானுக்கெனத் தனி வரம்பு இல்லை.

2024 மார்ச்சில் பெங்களூரு நகர மாவட்ட நிர்வாகம் லாரி நீருக்கு விலை நிர்ணயித்தது: 5 கிலோமீட்டருக்குள் 6,000 லிட்டருக்கு 600 ரூபாய். அந்நீர் எந்தக் கிணற்றினுடையது, எவ்வளவு ஆழத்திலிருந்து எடுக்கப்பட்டது என்பதை வாங்கும் குடும்பம் அறிவதில்லை.