மழை பெஞ்சும் காயும் வயல்... ஆத்தங்குடி பக்கம் மண்ணுக்குள் நடப்பது என்ன?

காரைக்குடி:
ஆத்தங்குடி என்றதும் டைல்ஸ்தான் ஞாபகத்துக்கு வரும். ஆனால் சுத்துப்பட்டு கிராமங்களின் விவசாயம் கண்மாயையும் மானாவாரியையும் நம்பித்தான். ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாத்தினால் அந்த வருஷம் அவ்வளவுதான்.

2016-ல் அதுதான் நடந்தது. வடகிழக்கு பருவமழை தமிழகத்தில் வழக்கமாக சுமார் 440 மில்லிமீட்டர் பெய்யும். அந்த வருஷம் கிடைத்தது 168 மில்லிமீட்டர்தான். 2017 ஜனவரியில் எல்லா மாவட்டமும் வறட்சி பாதித்தவை என்று அரசு அறிவித்தது.

அப்புறம் மழையே பெய்யலையா? பெய்தது. ஆனால் பயிர் குடிப்பது மண்ணில் தங்கும் ஈரத்தைத்தான். இங்கே செம்மண், சரளை மண் அதிகம். கரிசல் மாதிரி ஈரம் பிடிக்காது. ஒரே நாளில் கொட்டும் மழை ஓடிப்போய்விடும். புழுதியில் விதைத்த நெல் முதல் மழைக்கு முளைக்கும். அடுத்து இரண்டு வாரம் வெயில் அடித்தால் கருகும். மறுபடி விதை, உழவு கூலி, கடன்!

நாசா 2015-ல் ஏவிய ஸ்மாப் செயற்கைக்கோள்கூட மேல்மண்ணில் 5 சென்டிமீட்டர் ஈரத்தைத்தான் நேரடியாக அளக்கும். வேர்ப்பக்க ஈரம் தெரியணும்னா, அரையடி தோண்டி மண்ணை உள்ளங்கையில் பிடிச்சுப் பாருங்க. பொலபொலவென உதிர்ந்தால் விதைக்க அவசரப்படாதீங்க.

கண்மாய் வண்டலை அடித்தால் செம்மண்ணும் ஈரம் தாங்கும். விவசாயிகள் இலவசமாகவே அள்ளலாம். தாசில்தார் அனுமதி வேண்டும். கண்மாய் வத்திக் கிடக்கும் கோடையிலேயே மனு போட்டு வேலையை முடிச்சிடணும்.