வேடம் பூண்ட வேண்டுதல்

நுழையும்முன்

தென்தமிழகத்தின் அம்மன் விழாக்களில் இசையும் கூத்தும் மட்டுமல்லாமல் வேடமும் வழிபாடாகிறது. மக்கள் தாமே காளியாகவும் அனுமனாகவும் அரசனாகவும் உருமாறித் தெருக்களில் உலா வருகின்றனர். அவர்கள் வேடம் பூணுவதற்கான காரணத்தையும் அது சமூகத்திற்கு உணர்த்துவதையும் விளக்குகிறது இப்பாடம்.

இலக்கியத்தில் வேடம்

தெய்வத்தின் உருவை மனிதர் ஏற்கும் வழக்கம் தமிழ் மண்ணில் மிகப் பழமையானது. சிலப்பதிகாரத்தின் வேட்டுவ வரியில், மறக்குடியில் பிறந்த குமரி ஒருத்தியைக் கொற்றவையாக ஒப்பனை செய்யும் காட்சி இடம்பெறுகிறது. அவளது கூந்தலை நெடுமுடியாகக் கட்டிச் சிறு வெண்பாம்பு போன்ற நாணைச் சுற்றுகின்றனர். பன்றியின் வளைந்த கொம்பைப் பிறைநிலவாகச் சூட்டிப் புலிப்பற்களைத் தாலியாகப் பூட்டுகின்றனர். புலித்தோலை மேகலையாக உடுத்திக் கையில் வில் கொடுத்துக் கலைமானின்மீது ஏற்றுகின்றனர். ஒப்பனைப் பொருள்கள் யாவும் வேட்டுவரின் நிலத்திலும் தொழிலிலும் கிடைத்தவை. தாம் வாழும் வாழ்விலிருந்தே தெய்வத்தின் உருவை அவர்கள் அமைத்துக்கொண்டனர் என்பது இதனால் விளங்கும்.

கரிசல் நிலத்தின் பங்குனிப் பொங்கல்

விருதுநகர் பராசக்தி மாரியம்மன் கோவிலின் பங்குனிப் பொங்கல், கரிசல் வட்டாரத்தின் பெருவிழாக்களுள் ஒன்று. அம்மை முதலிய நோய்கள் நீங்கவும் மழை பெய்யவும் வேண்டிக்கொண்டவர்கள் விரதமிருந்து அக்கினிச்சட்டி ஏந்துகின்றனர். சிலர் வேப்பிலையை ஆடையாக அணிந்தும், சிலர் பல்வேறு வேடங்கள் பூண்டும் கோவிலை நோக்கி நடக்கின்றனர். வெளியூரில் தொழில் செய்வோரும் இவ்விழாவிற்காக ஊர் திரும்புவது வழக்கம்.

அருகிலுள்ள சிவகாசிக்கும் இவ்வேடங்களுக்கும் வேறொரு வகையிலும் தொடர்புண்டு. தீப்பெட்டி, பட்டாசு ஆகியவற்றின் வண்ணச் சீட்டுகளை அச்சிடும் தேவையால் அங்கு அச்சுத்தொழில் வளர்ந்தது. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு போன்றோர் வரைந்த தெய்வ உருவங்கள், சிவகாசியில் நாட்காட்டிகளாக அச்சாகி வீடுதோறும் சென்றன. இன்று வேடமிடுவோரின் மணிமுடி, ஆரம், முகப்பொலிவு ஆகியவை அந்நாட்காட்டிப் படங்களையே நினைவூட்டுகின்றன.

குலசேகரன்பட்டினத்துத் தசரா

வேட வழிபாடு முழு மலர்ச்சி பெற்றிருப்பது, திருச்செந்தூருக்குத் தெற்கே கடற்கரையில் அமைந்த குலசேகரன்பட்டினத்தில் ஆகும். இங்குள்ள முத்தாரம்மன் கோவிலில் நவராத்திரியை ஒட்டித் தசரா விழா நடைபெறுகிறது. கொடியேறிய பின் பக்தர்கள் காப்புக் கட்டி வேடம் பூணுகின்றனர். காளி, கிருஷ்ணன், அனுமன், அரசன் முதலிய வேடங்களுடன் காவலர், மருத்துவர், கரடி, குரங்கு, பிச்சைக்காரர் முதலிய வேடங்களும் உண்டு. எந்த வேடம் என்பதை அவரவர் வேண்டுதலே முடிவு செய்கிறது.

இவற்றுள் காளி வேடம் கடுமையானது. இதனைப் பூணுவோர் 41 நாள் அல்லது 48 நாள் விரதம் இருப்பர். சடைமுடி, பல கைகள், நீண்ட நாக்கு, கோரைப்பல் ஆகியவற்றின் சுமையை வெயிலிலும் தாங்கி நடப்பர். வேடம் பூண்டவரை ஊரார் பெயர் சொல்லி அழைப்பதில்லை. அவரை அம்மனாகவே கருதி வணங்கித் திருநீறு பெறுகின்றனர்.

வேடம் பூண்டோர் குழுக்களாக ஊர் ஊராகச் சென்று காணிக்கை பெறுகின்றனர். அத்தொகையைக் கோவில் உண்டியலில் சேர்க்கின்றனர். பொருள் படைத்தவரும் இவ்வாறு கையேந்தியே ஆகவேண்டும். பிறரிடம் கேட்டுப் பெறும்போது செல்வம், பதவி ஆகியவற்றால் வரும் செருக்கு அடங்குகிறது. கூலித்தொழிலாளி அரசனாகிறார், கடை முதலாளி இரவலராகிறார். ஆண்டு முழுவதும் நிலவும் ஏற்றத்தாழ்வு அந்நாள்களில் தலைகீழாகிறது.

பத்தாம் நாள் இரவு, கடற்கரையில் மகிஷாசூர சம்காரம் நிகழ்கிறது. பின்னர்க் காப்பு அவிழ்க்கப்பட, வேடம் கலைகிறது.

ஓர் ஒப்புநோக்கு

செருமனியின் பவேரியா மாநிலத்தில் உள்ள மியூனிக் நகரின் அக்டோபர் விழாவிலும் ஆடை அணிவகுப்பு உண்டு. 1810 அக்டோபர் 12 அன்று நடந்த பட்டத்து இளவரசர் லுத்விக்கின் திருமணக் கொண்டாட்டத்திலிருந்து அவ்விழா தோன்றியது. அவர் அரசரான பின், அவரது வெள்ளிவிழா மணநாளைச் சிறப்பிக்க 1835இல் மரபுடை ஊர்வலம் நடத்தப்பட்டது. இன்றும் பல வட்டாரத்தார் தத்தம் மரபுடையில் அங்கு அணிவகுக்கின்றனர். அங்கே ஆடை, அணிந்தவரின் ஊரையும் மரபையும் பெருமையுடன் எடுத்துரைக்கிறது. இங்கே வேடம், அணிந்தவரின் பெயரையும் நிலையையும் சில நாள்களுக்கு மறைத்துவிடுகிறது. முன்னது ‘நான் இன்னார்’ என்கிறது. பின்னது ‘நான்’ என்பதையே விலக்கி வைக்கிறது.

மரபும் மாற்றமும்

இவ்வேறுபாட்டை உணர்ந்தால்தான் இன்றைய மாற்றங்களின் விளைவு புரியும். குழுக்களுக்கிடையே போட்டி மிகும்போது திரைப்பாடல்களும் ஆட்டங்களும் வேண்டுதலைப் பின்னுக்குத் தள்ளுகின்றன. இவ்விழாவில் ஆபாச நடனங்களுக்கு உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தடை விதித்துள்ளது. சாதி அடையாளங்களுடன் வருவது, தன்னை மறைக்கும் வேடத்தின் நோக்கத்திற்கே முரணானது. எளிய சமூகத்தாரின் தோற்றத்தை நகைப்புக்காக வேடமாக்குவதும் சிந்திக்கத்தக்கது. ஏற்றத்தாழ்வை அழிக்க வந்த ஒரு வழிபாடு, ஒருவரையும் சிறுமைப்படுத்தலாகாது.

மரபு மாறாமல் நிற்பதில்லை. வேட்டுவரின் புலித்தோல் மறைந்து நாட்காட்டியின் வண்ணம் வந்தது; இனியும் புதியன வரும். அவற்றுள் எதை ஏற்பது, எதை விலக்குவது என்பதற்கு வேடத்தின் பகட்டு அளவுகோல் ஆகாது. அதனைப் பூண்டவர் பிறர்முன் பணிவுடன் கையேந்தி நிற்கிறாரா என்பதே அளவுகோல்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் பகுதி விழாக்களில் பூணப்படும் வேடங்களையும் அவற்றிற்கான வேண்டுதல்களையும் பெரியோரிடம் கேட்டுத் தொகுக்க.

2. ‘வேடம் மனிதரைச் சமமாக்குகிறது’ – இக்கருத்தை ஏற்றும் மறுத்தும் வகுப்பறையில் கலந்துரையாடுக.